இலையின் அடிப்பக்கம்

மேல் வீட்டு அக்காவோடு என் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்கு நானும் அம்மாவும் குடிவந்த புதிது. நர்சரியில் வாங்கிய துளசித் தொட்டியை, நல்ல வெயில் படட்டும் என்று மொட்டை மாடியில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் செடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. பக்கத்தில் நிற்க முடியாமல் பூண்டு வாடை.

“யாரு இந்தச் செடியில பூண்டுத் தண்ணி ஊத்துனது?” என்று படியில் நின்று கத்தினேன்.

முதல் மாடிக் கதவு திறந்தது. தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் தெளிப்பான் பாட்டில். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“நான்தான். ஊத்தல, அடிச்சேன். உங்க செடியில வெள்ளை ஈ இருக்குது.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“மேலாக்க பாத்தா எப்படித் தெரியும்?” என்று கூடவே மாடிக்கு வந்து, ஒரு கிளையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். இலைகளின் அடியிலிருந்து வெள்ளையாக, மாவை ஊதிவிட்டது போல, சின்னச் சின்ன ஈக்கள் பறந்தன.

என் கோபம் போய்விட்டது. அம்மாவின் கோபம் போகவில்லை. சாமிக்குப் பறிக்கிற துளசியில் பூண்டா என்று அம்மா புலம்பியது அவர் காதில் விழுந்துவிட்டது. சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். “மன்னிச்சுக்குங்கம்மா. பூண்டு ஆகாதுன்னு தோணல. இனிமே உங்க செடிக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணி மட்டும்தான் அடிப்பேன்.” சொன்னபடியே செய்தார். நாங்கள் அங்கே இருந்தவரை எங்கள் துளசியின் பக்கம் பூண்டு வரவே இல்லை.

அவர் கணவருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே மகள், மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். தைத்து வரும் சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பிசிறு, விட்டுப்போன தையல், கறை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் வேலை. அந்த வேலையை விட்டாலும் அந்தக் கண்ணை அவர் விடவில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் ஒவ்வொரு கத்தரிக்காயாகக் கவிழ்த்துப் பார்ப்பார். புடவைக் கடையில் முந்தானையின் பின்பக்கத்தைத்தான் முதலில் விரிக்கச் சொல்வார்.

எனக்கு ஒரு வரன் வந்தபோது அம்மா மாப்பிள்ளையின் போட்டோவை அவரிடம் காட்டினார். அக்கா முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, படத்தைத் திருப்பினார். பின்னால் ஸ்டுடியோவின் முத்திரையும் மங்கலாக ஒரு தேதியும் இருந்தன.

“அம்மா, இது ரொம்பப் பழைய போட்டோ. இப்ப தலையில முடி இருக்கான்னு கேட்டுக்குங்க.”

இல்லை. நேரில் வந்தபோது தெரிந்தது. அம்மா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மொட்டை மாடியில் அவர் வைத்திருந்தவை எல்லாம் சமையலுக்கும் வைத்தியத்துக்கும் ஆகிற செடிகள்தான். புதினா, கொத்தமல்லி, ஓமவல்லி, வெந்தயக்கீரை, அவர் சப்ஜா என்று சொல்லும் திருநீற்றுப்பச்சிலை. பழைய பெயின்ட் டப்பா, உடைந்த பக்கெட், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பேரல் என்று கிடைத்ததில் எல்லாம் மண் போட்டிருந்தார். நோன்பு மாதத்தில் தெருவில் நாலைந்து வீட்டுக் கஞ்சிக்குப் புதினா அங்கிருந்துதான் போகும். “வாயில போடற இலை, அதுல கடை மருந்து அடிக்கக் கூடாது” என்பது அவர் கட்சி. அதனால் பூச்சி மருந்து முழுக்க அடுப்படியிலிருந்துதான் வந்தது. அசுவினிப் பூச்சி பிடித்தால் சோப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் முதலில் சோப்பைக் கரைத்து அதில் எண்ணெயை விட்டு அடிப்பார். வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும் என்று மஞ்சள் மூடிகளில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கட்டி வைப்பார். ஈ தானாக வந்து ஒட்டும். எறும்பு ஏறும் தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு. புழுவுக்கு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்து வடிகட்டிய சாறு. எது அடித்தாலும் வெயில் இறங்கின பிறகுதான். “வெயில்ல எண்ணெய் அடிச்சா இலை வெந்துரும். பூச்சியக் கொல்றேன்னு செடியக் கொல்லக் கூடாது.”

ஒரு கோடையில் அவர் கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன.

முதலில் கொசு என்றார். பிறகு மூட்டைப்பூச்சியாக இருக்கும் என்று கட்டிலைக் கழற்றி வெயிலில் போட்டார். இண்டு இடுக்கெல்லாம் ஊசி விட்டுப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அரிப்பு நிற்கவில்லை. கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பு என்று பரவியது. “பொடிசா என்னமோ ஊருது. கண்ணுக்கு மாட்டவே மாட்டேங்குது” என்றார்.

“எனக்கு ஒண்ணும் கடிக்கலையே. பாப்பாவுக்கும் கடிக்கல. இவளுக்கு மட்டும் எப்படிக் கடிக்கும்?” என்றார் அண்ணன். அவரும் பாப்பாவும் ஹாலில் ஏர்கூலருக்கு முன்னால் படுத்துக்கொள்வார்கள். அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாமல் அக்கா மட்டும் பின்னறையில் படுப்பார். டாக்டர் பார்த்துவிட்டு, தோல் வறண்டிருக்கிறது, கொஞ்சம் டென்ஷன் வேறு என்று களிம்பு கொடுத்தார்.

களிம்பு கேட்கவில்லை. அக்கா வேப்பெண்ணெயை எடுத்தார். செடிக்கு வாங்கியதை ராத்திரி படுக்கப் போகுமுன் உடம்பெல்லாம் பூசிக்கொண்டார். அந்த வாடையில் அண்ணனுக்கும் அவருக்கும் தினமும் வாக்குவாதம். செய்தி அனகாபுத்தூருக்குப் போய், அண்ணனின் அக்கா வந்து இறங்கினார்.

“இன்னா பூச்சி, எங்க கீது பூச்சி? நானும் காலைலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன், ஒண்ணத்தையும் காணோம்” என்று அவர் படியில் நின்று என் அம்மாவிடம் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது. “நாள் பூரா மாடியில பூச்சி பூச்சின்னு பாத்துக்கினு இருந்தா மண்டைக்குள்ளதான் ஏறும். கோவளம் தர்காவுக்கு இட்டுனு போயி ஒரு நூல் கட்டிட்டு வரலாம். கொஞ்ச நாள் அவ அம்மா வூட்ல வுட்ருவோம். புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

தர்காவுக்குப் போய் வந்தார்கள். மணிக்கட்டில் கறுப்பு நூலோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“பாப்பாவ என்கிட்டருந்து பிரிச்சுருவாங்க போல இருக்கு” என்றார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். “தலகாணி உறை மேல வெள்ளைத் துணி விரிச்சு, விடியறப்ப ஒட்டுனதெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். உங்க காலேஜ்ல மைக்ராஸ்கோப் இருக்குல்ல? பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன்.”

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் இருந்தேன். அந்தத் தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது, உள்ளே ஒன்றும் இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டுமே என் கவலை.

பெட்டியில் தூசியும் பஞ்சும்தான் கிடந்தன. ஆனால் அந்தத் தூசியில் ஒன்று நகர்ந்தது. கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். எட்டுக் கால்கள். ரத்தம் குடித்துச் சிவந்திருந்த வயிறு. பறவைகள் மேல் வாழும் உண்ணி அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். அக்கா படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் மேலே, சன்ஷேடில் ஒரு புறாக்கூடு. குஞ்சுகள் பறந்துபோய் வெறும் குச்சியும் எச்சமுமாக இருந்தது. புறா போய்விட்டால் உண்ணி பசிக்கு அறைக்குள் இறங்கிவிடும். அந்த அறையில் படுத்தது அவர் ஒருவர்தான்.

அண்ணன் ஏணி போட்டுக் கூட்டைக் கலைத்தார். சன்ஷேடை ஃபினாயில் விட்டுக் கழுவினார். கொஞ்ச நாளில் அரிப்பு நின்றது. அண்ணன் பாவம், முகத்தில் அசடு வழிய நடமாடினார். அவருடைய அக்கா அனகாபுத்தூரிலிருந்து ஒரு புதுப் புடவையோடு வந்துபோனார். அக்கா அதை வாங்கிப் பிரிக்காமல் பீரோவில் வைத்தார்.

“பூச்சி போயிடுச்சு” என்றார் என்னிடம். “ஆனா என் வீட்ல ஒருத்தர்கூட நான் சொன்னத நம்பலையே. உடம்புல ஊருதுன்னு சொல்றேன், மண்டையில இருக்குதுங்கறாங்க.”

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

மழைக்காலம் வந்தபோது மறுபடியும் அரிப்பு ஆரம்பித்தது. இந்தத் தடவை கூடு எதுவும் இல்லை. நானே எல்லாச் சன்ஷேடையும் ஏறிப் பார்த்தேன். அவர் கையிலும் புள்ளிகள் இல்லை, சொறிந்த நகக்கோடுகள் மட்டும்தான். ஆனால் இப்போது பூச்சி இல்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு தடவை நம்பாமல் போன குற்ற உணர்வில், அவர் சொன்னதையெல்லாம் அண்ணன் செய்தார். மெத்தையைக் கொண்டுபோய் எரித்தார். போர்வைகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். கடையை மூடிவிட்டு வந்து ராத்திரியில் தரையைத் தேய்த்துக் கழுவினார். “போன தடவ நான் நம்பல. தப்பு என் மேலதான். இப்ப அவ சொன்னா இருக்கும்” என்றார். ஒருநாள் அவரே என் முன்னால் முழங்கையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

பூச்சி செடியிலிருந்துதான் வீட்டுக்குள் வருகிறது என்று அக்கா முடிவு கட்டினார். எப்போதும் வெயில் இறங்கட்டும் என்று காத்திருப்பவர், மழை விட்ட நடுப்பகல் வெயிலிலேயே வேப்பெண்ணெயையும் மிளகாய்ச் சாற்றையும் ஒன்றாகக் கலந்து அடித்தார். புதினா கருகியது. கொத்தமல்லி கருகியது. அவர் நிறுத்தவில்லை.

அப்புறம் அது பாப்பாவிடம் வந்தது. நீளமாக இருந்த தலைமுடியை ஒட்ட வெட்டினார். காலையிலும் மாலையிலும் கல்லுப்பும் வேப்பிலையும் அரைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார். அந்தக் குழந்தை அழும் சத்தம் கீழே எங்களுக்குக் கேட்கும். அம்மா காதைப் பொத்திக்கொள்வார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் மாடி ஏறாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். முன்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

“ஆன்ட்டி, எனக்குப் பூச்சி இல்ல. அம்மாகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அம்மா கேக்கும்.”

நான் மாடிக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே அக்கா ஒரு தீப்பெட்டியை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தூசியாகப் பிரித்து, வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதுவுமே இல்லை. வந்து சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “அன்னிக்கும் எல்லாரும் இதத்தான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. இப்ப நீங்களும் அவங்க பக்கம் போயிட்டீங்க.”

“நான் எந்தப் பக்கமும் போகலக்கா. நீங்களே வந்து பாருங்க.”

சனிக்கிழமை அவரை ஆய்வகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். மாணவர்கள் யாரும் இல்லை. கோடையில் பிடித்த உண்ணியை ஒரு தகட்டில் பத்திரப்படுத்தியிருந்தேன். முதலில் அதை வைத்தேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

“அப்பா! எத்தன காலு. இதுதான் என்னைக் கடிச்சதா?”

“இதேதான்.”

பிறகு அவர் தீப்பெட்டியில் இருந்ததைக் கண்ணாடித் தகட்டில் கொட்டி வைத்தேன். தகட்டை எப்படி நகர்த்துவது என்று மட்டும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். செக்கிங் பிரிவில் சட்டையைப் புரட்டும்போது இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

“இது நூலு” என்றார். “நீல நூலு. பாப்பாவோட யூனிஃபார்ம்ல பிரிஞ்சது.”

தகட்டை நகர்த்தினார். “இது உப்பு. நான் தேய்க்கிற உப்பு.”

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “இது என்ன, செதில் மாதிரி?”

“தோல்.”

“யாரோடது?”

“அது இதுல தெரியாதுக்கா.”

“பாப்பாவோடதா?”

அவர் நிமிரவில்லை. கண்ணை அந்தக் குழலில் வைத்தபடியே, “இன்னொரு வாட்டி முதல்லேர்ந்து பாக்கறேன்” என்றார். முதலிலிருந்து பார்த்தார். முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால் இருக்கற மாதிரி அதுல ஒண்ணுமே இல்ல” என்றார். “அப்ப என் கையில ஊர்றது என்ன? இப்பக்கூட ஊருது. இந்தா, இங்க. பொய் சொல்லல நானு.”

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் எப்பவும் நினைக்கலக்கா. ஊருதுங்கறத நம்பறேன். பூச்சி இல்ல, அவ்வளவுதான்.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். சேலையூர் ஏரி தாண்டும்போது, “அவளுக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் குளியலறையிலிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. அடுத்த நாள் பாப்பாவின் கைகளில் தேங்காயெண்ணெய் மினுங்கியது.

அண்ணன் அவரை ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். திரும்பி வந்ததும் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் மாத்திரை அட்டைகள்.

“நீங்க சொன்னா கேப்பாம்மா. இது பூச்சிக் கடிக்கான மாத்திரைன்னு சொல்லிக் குடுங்க. பைத்தியத்துக்குன்னு நெனச்சான்னா போட மாட்டா.”

“நான் அப்படிச் சொல்ல மாட்டேன் அண்ணா” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா படியில் இறங்கி வந்துவிட்டார். அட்டையைத் தன் கணவரின் கையிலிருந்து வாங்கி, பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த பெயரைப் படித்தார்.

“பூச்சிக்குன்னு எல்லாம் சொல்ல வேணாம். டாக்டர் உங்ககிட்ட தனியா பேசினப்பவே எனக்குத் தெரியும்” என்றார். “போடறேன். எனக்காக இல்ல. தண்ணி கொண்டாங்க.”

எங்கள் வாசலில் நின்றே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அரிப்பு குறைய மாதங்கள் ஆயின. அது குறைந்தபோது கூடவே வேறென்னவோ குறைந்தது. எந்நேரமும் தூக்கம். உடம்பு பெருத்தது. காய்கறி வண்டி வந்தால் தட்டை நீட்டுவார். வண்டிக்காரர் போட்டதை அப்படியே வாங்கிக்கொள்வார். பாப்பாவின் தலைமுடி தோள் வரை வளர்ந்தது; அவள் பயமில்லாமல் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு பாடம் படித்தாள். “இப்ப அமைதியா இருக்காம்மா, அல்லாஹ் காப்பாத்தினான்” என்று அண்ணன் நிம்மதியாகச் சொன்னார். பாப்பாவைப் பார்க்கும்போது எனக்கும் அந்த நிம்மதி இருந்தது. அக்காவைப் பார்க்கும்போது இல்லை. மாடிக்கு அவர் துணி காயப்போட மட்டும்தான் வந்தார். கருகியது போக மிச்சமிருந்த ஓமவல்லிக்கும் சப்ஜாவுக்கும் நான்தான் தண்ணீர் விட்டேன்.

ஒரு மாலை நேரம். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அவர் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். சப்ஜாத் தண்டில் கணுவுக்குக் கணு சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளையாக இருந்தது.

“அக்கா, சப்ஜாவுல மாவுப்பூச்சி வந்திருக்கு” என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. கிட்டே வந்தார். செடியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கும் தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுக்கா.”

“நெசமாவா? எனக்காகச் சொல்லலையே?”

“நெசமா.”

அவர் மூச்சு விட்டார். “ஒரு வாரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தெனமும் கூடிக்கிட்டே போகுது. யாராவது முதல்ல சொல்லட்டும்னு இருந்தேன்.”

“சோப்புத் தண்ணி அடிச்சுடலாமா?”

“அவரையும் ஒரு வாட்டி கூப்பிடுங்களேன். நான் கூப்பிட்டா பயந்துடுவாரு.”

கைப்பிடிச் சுவரில் எட்டி அண்ணனைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டும்கூட அவர் பயந்துதான் மூச்சிரைக்க ஓடிவந்தார். என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் செடியைக் காட்டினேன். அவர் குனிந்து, ஒரு விரலால் தண்டை வழித்து, அந்த வெள்ளைப் பிசுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா துணிகளை மார்போடு அணைத்தபடி, பரீட்சை முடிவுக்கு நிற்பவர் போல நின்றிருந்தார்.

“ஆமா” என்றார் அண்ணன். “இருக்குது.”

அதற்கப்புறம்தான் அக்கா சோப்பைக் கரைத்து எடுத்துவரக் கீழே இறங்கினார்.